சகலாத்து: துணி வந்த வழியும் சொல் வந்த வழியும்

ஒரு பொருள் எந்நாட்டிலிருந்து வந்ததோ, அந்நாட்டு மொழியிலிருந்தே அதன் பெயரும் வந்திருக்கும் எனக் கொள்வது கடன்சொல் ஆய்வில் எளிதாக நேரும் பிழையாகும். ஐரோப்பிய உயர்தரக் கம்பளித் துணிக்குத் தமிழில் வழங்கிய 'சகலாத்து' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று.

மயிரால் நெய்த துணியைத் தமிழர் முன்னரே அறிந்திருந்தனர். சிலப்பதிகாரம் மதுரையின் அறுவை வீதியைக் கூறுமிடத்தில் பருத்தி, பட்டு ஆகியவற்றோடு மயிர்த் துணியையும் சுட்டுகிறது. வடமொழிவழி வந்த 'கம்பளம்', 'கம்பளி' என்பன விரிப்பையும் போர்வையையும் குறித்தன. ஐரோப்பியத் துணியோ செய்முறையால் வேறுபட்டது. ஹாலந்தின் லெய்டன் நகரம் அதற்குப் பெயர்பெற்றது. 1577ஆம் ஆண்டு முதல் பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து குடியேறிய நெசவாளர் அந்நகரத் தொழிலுக்குப் புத்துயிர் அளித்தனர். நெய்த துணியை நீரிலும் களிமண்ணிலும் இட்டுத் துவைத்துச் சுருங்கச் செய்வர். இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். பின் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தி, முள்ளுடைய காய்களால் மேற்பரப்பின் மயிரை எழுப்பி, பெரிய கத்தரிகளால் சமமாக வெட்டுவர். இதனால் நெசவின் இழை புலப்படாத மென்மை கிட்டும். 1640ஐ ஒட்டி எழுந்த துணி மண்டபத்தில் துணிகள் சோதிக்கப்பட்டு ஈய முத்திரை பெற்றன. அக்கட்டடம் 1874 முதல் அருங்காட்சியகமாக உள்ளது.

இவ்வகைத் துணி மலையாளக் கரைக்கு வந்தமைக்கு முந்தைய சான்று 1498ஆம் ஆண்டினது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டு மன்னர்க்கென எடுத்துவைத்த பொருள்களில் நான்கு செந்நிறத் தலைமூடிகளும் இருந்தன. அரசு அலுவலர் அப்பொருள்களைக் கண்டு நகைத்தனர் என அப்பயணக் குறிப்பு கூறும். 1500இல் போர்த்துகீசியர் கொச்சியை அடைந்தனர். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றி 1795 வரை ஆண்டனர். ஆசிய அரசவைகளுக்கு டச்சுக் கம்பெனி வழங்கிய அன்பளிப்புகளில் செந்நிறக் கம்பளித் துணி சிறப்பிடம் பெற்றது. வெப்ப நாட்டில் அதன் பயன் குளிர் காப்பதன்று, மதிப்பைக் காட்டுவதே.

இவ்விரு மொழிகளும் தமிழுக்குச் சொற்கள் தந்துள்ளன. 'சன்னல்', 'சாவி' என்பன போர்த்துகீசியம்; 'கக்கூசு' டச்சு. ஆயினும் இத்துணியின் பெயர் இவ்விரண்டிலிருந்தும் வரவில்லை. 'சகல்லாத்' என்னும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அக்பர் காலத்து ஆயினி அக்பரி ஐரோப்பாவினின்றும் வந்த துணியையே இப்பெயரால் குறிக்கிறது. நெய்தவர் மொழியை விட, இந்தியச் சந்தையிலும் அரசவையிலும் வழங்கிய மொழியே பெயரிட்டது என்பது இதனால் விளங்கும். ஐரோப்பிய மொழிகளில் 'ஸ்கார்லெட்' என வழங்கும் சொல்லும் இதனோடு உறவுடையது என்பர் அறிஞர். எது எதிலிருந்து பிறந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

மொழிபெயர்ப்பாளர் இங்கு இரு இடர்களை எதிர்கொள்கின்றனர். முதலாவது, 'ஸ்கார்லெட்' தொடக்கத்தில் துணியின் பெயர், நிறப்பெயரானது பின்னரே. பழைய ஆவணத்தில் அதனைச் 'சிவப்பு' என்று மட்டும் பெயர்த்தால் பொருளே மறைந்துவிடும். இரண்டாவது, காமாவின் பயணக் குறிப்பில் அத்தலைமூடிகளைச் சுட்டும் 'கிரா' என்னும் போர்த்துகீசியச் சொல் 'விதை' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியது. விதை போலத் தோன்றும் சாயப்பூச்சியையும், அச்சாயம் ஏறிய துணியையும் அது குறித்தது. வேர்ப்பொருளை மட்டும் நோக்குவோர் அதனைத் தானியம் எனப் பிறழ உணரக்கூடும்.

பெயர், ஆக்கியவரை விட்டுப் பிறரைச் சார்வது கொச்சியில் புதிதன்று. 1555ஐ ஒட்டிப் போர்த்துகீசியர் கட்டி அரசர்க்கு அளித்த மட்டாஞ்சேரி அரண்மனை, 1663இல் பழுதுபார்த்த டச்சுக்காரர் பெயரால் 'டச்சு அரண்மனை' எனப்படுகிறது. துறைமுக வாயிலின் எதிர்க்கரையிலுள்ள வைப்பினுக்கோ பெயரே வரலாறு. நீர் கொணர்ந்து வைத்த மண் என்னும் பொருளில் 'வைப்பு' அப்பெயரில் நிற்கிறது. 1341இல் தொடங்கும் 'புதுவைப்பு' ஆண்டு அதனை நினைவூட்டுகிறது. ஒரு பெயர் தோற்றத்தைச் சொல்கிறது. மற்றொன்று கைமாறிய வழியைச் சொல்கிறது. 'சகலாத்து' இரண்டாம் வகையினது. அதனைச் 'செந்நிறத் துணி' என்றோ 'கம்பளி' என்றோ மாற்றிவிடாமல், அச்சொல்லையே பேணிக் குறிப்புத் தருவதே மூலத்துக்கு ஏற்ற மொழிபெயர்ப்பாகும்.