காங்கேசன்துறைச் சீமெந்தும் கைத்தொழிலும்

"கோழி மேய்த்தாலும் கவண்மேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் சொல்வழக்கு. நேயர்களே, இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகமுடியாது. ஆறில்லாத, கிணற்றை நம்பிய குடாநாட்டில் மாதச் சம்பளம் தந்த பாதுகாப்பு பெரிது. 1905இல் புகையிரதம் காங்கேசன்துறையை எட்டியபின், லிகிதர் வேலைக்குத் தெற்கே போவதும் எளிதாயிற்று.

அதே ஊரில் 1950இல் சீமெந்து ஆலை எழுந்தது. அப்போது கைத்தொழில் அமைச்சராயிருந்தவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம். சுண்ணக்கல் காலடியிலேயே கிடந்தது. களிமண் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. இரண்டும் சுழலும் சூளையில் ஏறக்குறைய 1450 பாகை வெப்பத்தில் வெந்து கிளிங்கராகும். அதனுடன் ஜிப்சம் சேர்த்து அரைத்தாற் சீமெந்து.

இச்சூளையை நினைத்தவுடன் நிறுத்தமுடியாது. சடுதியாகக் குளிர்ந்தால் உள்ளே பதித்த தீக்கற்கள் வெடிக்கும். கொதிநிலையிற் சுழற்சி நின்றாலோ சூளைக்குழாயே வளைந்துவிடும். எனவே நள்ளிரவிலும் ஓசையைக் கேட்டே பழுதை அறியும் பிற்றரும், தேய்ந்த உறுப்பைக் கடைந்து தருபவரும், ஒட்டுவேலைக்காரரும் வேண்டும். பட்டதாரிப் பொறியியலாளர் வரைபடத்தைப் பார்க்கும்போது, இவர்கள் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கையில் எண்ணெய் படிந்த இந்த வேலையை ஊரார் மதித்ததற்கு, ஆலை அரசாங்கத்தினுடையது என்பதும் ஒரு காரணம் போலும்!

1971இல் பல்கலைக்கழக வாயில் ஒடுங்கியது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவரிடம் 250 புள்ளிகளும் சிங்களமொழி மாணவரிடம் 227 புள்ளிகளும் கேட்கப்பட்டன. அது அநீதி, அதை எதிர்த்ததும் நியாயமே. ஆனால் வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைக்கு வேறு பாதையுண்டு என்று சொல்ல நாம் கூசினோம். ஆசிரியர்களாகிய நாங்கள் இன்றும் வகுப்பில் வைத்தியர், பொறியியலாளர் என்ற இரண்டு சொற்களைத்தானே அதிகம் உச்சரிக்கிறோம்?

1990இல் போர் ஊரைப் பெயர்த்தது. ஆலை மூடப்பட்டது, பிறகு இயங்கவேயில்லை. புகையிரதம் திரும்பிவர 2015 ஆயிற்று.

இடம்பெயர்ந்தவர்களோடு கைத்திறனும் பெயர்ந்தது. மின்சாரமும் எரிபொருளும் தடைப்பட்டிருந்த அந்நாட்களில், சில துளி பெற்றோல் விட்டுத் தொடக்கி மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் தெருவோர மெக்கானிக்குகள். வானொலி கேட்டதும் அவ்வாறே. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி ஒருவர் மிதியைச் சுற்றுவார். டைனமோ தந்த மின்சாரத்தில் வீடே கூடியிருந்து செய்தி கேட்கும். சிறுவனாயிருந்த நானும் சுற்றியிருக்கிறேன். கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் நின்றுவிடும்.