தாயின் முடியில் பிறந்த மோதிரம்

கடையில் அடுக்கிய மோதிரங்களில் ஒன்றைத் தெரிவு செய்வது வேறு. கல்லைக் கொடுத்துப் பத்தரிடம் செய்விப்பது வேறு. 1947இல் இலண்டனில் நடந்தது இரண்டாவது.

கிரேக்க அரச குடும்பத்தவரான பிலிப் ஒன்றரை வயதிலேயே நாடிழந்தவர். தந்தை 1944இல் மறைந்தார், சொல்லத்தக்க சொத்தில்லை. கையிலிருந்தது பிரித்தானியக் கடற்படைச் சம்பளம். எலிசபெத் இளவரசிக்கு வைர மோதிரம் வாங்க அது போதுமா?

தாய் அலிஸ், 1903இல் தம் திருமணத்துக்குக் கிடைத்த வைர முடியை எடுத்துக் கொடுத்தார். ரஷ்யச் சக்கரவர்த்தியின் பரிசு அது என்பர். பிலிப் அன்ட்ரோபஸ் என்ற நகை நிறுவனத்தார் (மணமகன் பெயரே கடைக்கும் வாய்த்தது!) முடியிலிருந்து கற்களைக் கழற்றினர். மூன்று கரட் வைரம் நடுவிலே, இருபுறமும் சிறுகற்கள், பிளாட்டினக் கட்டு. மோதிரத்தின் அமைப்பைப் பிலிப்பும் கூடவிருந்தே வகுத்தார்.

விரலளவுதான் சிக்கல். நிச்சயம் வெளியாகுமுன் இளவரசியைப் பட்டறைக்கு அழைக்கலாமா? மோதிரம் சற்றுப் பெருத்துவிட்டது, பின்னரே திருத்தினர். எஞ்சிய வைரங்கள் கைச்சங்கிலியாகித் திருமணப் பரிசாயின. நவம்பர் 20இல் மணம் நிகழ்ந்தது.

அலிஸ் 1949இல் கிரேக்கத்தில் கன்னியர் சபையொன்றை நிறுவித் துறவாடை பூண்டார். 1969இல் கண்மூடியபோது அவருடைய உடைமையென்று ஏறக்குறைய எதுவுமே இருக்கவில்லை.