புதிய மாவட்டமும் பழைய இடாப்பும்

முல்லைத்தீவைப் புதிய மாவட்டம் என்றே வகுப்பில் படிப்பிக்கிறோம். 1978இல் பெரும்பாலும் வவுனியா மாவட்டத்திலிருந்து பிரித்து அதனை உருவாக்கினார்கள். ஆயினும் பிரிவு புதியதன்று. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூலிலேயே வவுனியாவும் முல்லைத்தீவும் வெவ்வேறாக நிற்கின்றன.

எங்கள் முள்ளியவளை கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்துக்குள் அடங்கும். ஒருபுறம் நந்திக்கடல், மறுபுறம் குளமும் வயலும் காடும். முல்லைத்தீவிலே கச்சேரி அமைந்ததும், காணி அலுவலுக்கு வவுனியாவுக்கு அலையும் தேவை குறைந்தது. வாக்கு மட்டும் இன்றும் மன்னார், வவுனியாவோடு சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கே உரியது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அயலிலுள்ள தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் ஊரிழந்தார்கள். புத்தளத்தில் தஞ்சமடைந்தோரின் பிள்ளைகள் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளாகவே பதிவானார்கள். 2009இல் போர் முடிந்தபின் திரும்பியோர், காணிக்கும் வாக்காளர் இடாப்புக்கும் தாம் இந்த மாவட்டத்தார்தான் என்று நிறுவவேண்டியிருந்தது.

எல்லையை வர்த்தமானி அறிவித்தல் ஒன்றே மாற்றிவிடும். அழிந்த பெயரை இடாப்பில் மீண்டும் ஏற்றுவதற்கு ஒரு தலைமுறை காத்திருக்கிறது. மாவட்டத்தின் பரப்பளவையும் பிரிவுகளையும் சொல்லும்போது, மாணவருக்கு இதனையும் சேர்த்தே சொல்கிறேன்.