இரண்டு பூட்டுகள்

தோழர்களே, சொத்து கைமாறாமல் காக்கப் பத்தாண்டு இடைவெளியில் இரண்டு பூட்டுகள் வந்தன.

1882இன் இந்திய அறக்கட்டளைச் சட்டப்படி, வசதியுள்ள குடும்பம் சொத்தை டிரஸ்டியிடம் ஒப்படைத்து, பலனை வாரிசுகளுக்கு எழுதிவைக்கலாம். டிரஸ்டி தவறினால் நீதிமன்றம் கேட்கும்.

1892இன் பஞ்சமி நில ஆணை, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் அறிக்கையால் நமக்குக் கிடைத்தது. பத்தாண்டு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்கலாம். ஆனால் சாவி வருவாய்த்துறையிடம் இருந்தது. கடனுக்கும் மிரட்டலுக்கும் நிலம் போனபோது பட்டாவும் பெயர் மாறியது. மீட்கக் கேட்ட ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994இல் காரணைப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

நமக்கு டிரஸ்டி யாருமில்லை, நாம்தான். திண்டுக்கல் சமவெளியில் உங்கள் ஊர் அ-பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.