8-க்கு 4 அடி பலகை போதும்... வீட்டிலேயே ரெடி க்ளைம்பிங் சுவர்!

கிணற்றில் குதித்து நீச்சலடித்துவிட்டு, படிக்கட்டுப் பக்கம் போகாமல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் விரலை நுழைத்து மேலே ஏறி வந்திருக்கிறீர்களா? மேச்சேரி பக்கம் கிணற்று நீச்சல் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதுசில்லை. அதே வேலைக்கு இப்போ ஒலிம்பிக்கில் மெடல் கொடுக்கிறாங்க. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதன்முறையாக இடம்பிடித்த ஸ்போர்ட் க்ளைம்பிங், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் நுழைந்துவிட்டது. அங்கே தங்கம் வாங்கிய ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட், 2024 பாரிஸிலும் தங்கத்தைத் தட்டிச் சென்றார்.

சரி, நாம எங்கே போய்ப் பழகுறது? மேச்சேரியிலிருந்து தொப்பூர் போய், தர்மபுரி, கிருஷ்ணகிரி தாண்டி பெங்களூரு போனால் நல்ல க்ளைம்பிங் சுவர்கள் உண்டு. போக மட்டும் நாலு மணி நேரம் ஆகும். வாரம் மூணு நாள் அப்படிப் போய்வர முடியுமா? பக்கத்திலேயே நாமக்கல் கோட்டைப் பாறையும் சங்ககிரி கோட்டையும் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால், அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அங்கே ஏறிப் பழக முடியாது. சித்திரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறு இல்லாமல் ஏறும் ஜோதிராஜின் வீடியோவைப் பார்த்துவிட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டித் தூணிலும் ஏறிப் பார்க்கிற பசங்க இருக்காங்க. தேனி மாவட்டத்திலிருந்து போன ஜோதிராஜ் அந்தச் சுவரில் வருஷக்கணக்காக ஏறிக்கொண்டிருப்பவர் என்பதை வீடியோ சொல்லாது.

இதற்கு உருப்படியான வழி, வீட்டிலேயே ஒரு சின்னப் பயிற்சிச் சுவர். கேட்கும்போது பெரிய வேலையாகத் தோன்றும். உண்மையில் ஒரு ப்ளைவுட் ஷீட், ஒரு வெல்டிங் பட்டறை, ஒரு டிரில் மெஷின், இவ்வளவுதான் விஷயம்.

உயரம் வேண்டாம், சாய்வு போதும்

பலரும் முதலில் கேட்பது, "எங்க வீட்டுக் கூரை 10 அடிதானே, பத்துமா?" என்றுதான். தாராளமாகப் பத்தும். 1964-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் டான் ராபின்சன் என்ற உடற்கல்வி ஆசிரியர், ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்து மாணவர்களை ஏறவிட்டார். அந்த நாட்டில் இப்போதிருக்கும் க்ளைம்பிங் சுவர்களுக்கெல்லாம் அந்த நடைவழிதான் தொடக்கம்.

செங்குத்தான 8 அடிச் சுவரில் நாலு எட்டு வைத்தால் உச்சி வந்துவிடும், ஒரு வாரத்தில் போரடித்துவிடும். அதே பலகையை உங்கள் தலைக்கு மேலே வருகிற மாதிரி முன்பக்கம் சாய்த்துப் பாருங்க. உடல் எடை காலிலிருந்து கைக்கு மாறும். விரல், தோள், வயிறு எல்லாம் வேலை செய்தே ஆக வேண்டும். ஷெஃபீல்டைச் சேர்ந்த பென் மூன் வடிவமைத்து, இன்று உலகம் முழுக்கப் பயன்படும் 'மூன்போர்டு' 3.15 மீட்டர் உயரம்தான். ஆனால், 40 டிகிரி சாய்வு!

முதல் சுவருக்கு அவ்வளவு வேண்டாம். 8 அடிப் பலகையை 20 டிகிரி சாய்த்தால் உச்சி 7.5 அடி உயரத்தில் இருக்கும், முன்னால் 2.75 அடி நீளும். 30 டிகிரி என்றால் உயரம் 7 அடிக்குக் கொஞ்சம் குறைவு, முன்னால் சரியாக 4 அடி. 40 டிகிரிக்குப் போனால் உயரம் 6 அடி, முன்நீட்டம் 5 அடிக்கு மேல். என் ஓட்டு 30 டிகிரிக்கு. புதிதாகப் பழகுகிறவர் பெரிய பிடிகளில் சமாளிக்கலாம். ஒரு வருஷம் கழித்தும் சின்னப் பிடிகளில் திணறலாம். பலகைக்குக் கீழே 1 அடி உயரத்துக்கு நேரான பலகை ஒன்று வையுங்க. இல்லாவிட்டால் ஏறத் தொடங்கும்போது காலுக்கு இடம் இருக்காது. ஆக மொத்த உயரம் 8 அடி.

சாய்வு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஆப் எல்லாம் தேவையில்லை. கொத்தனாரின் தூக்குக்குண்டை பலகை உச்சியிலிருந்து தொங்கவிடுங்க. குண்டு தரையைத் தொடும் இடத்துக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் 4 அடி இருந்தால் 30 டிகிரி.

வீட்டுச் சுவரை நம்பாதீங்க

இங்கேதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. 'சுவரில் நாலு ஆங்கர் போல்ட் அடித்து மாட்டிவிடலாம்' என்று இறங்கிவிடுகிறார்கள். வீட்டுச் சுவர் மேலிருந்து கீழே வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டது. சாய்ந்த பலகையில் ஒருவர் தொங்கினால், போல்ட்டை வெளியே பிடுங்குகிற விசை உண்டாகும். 60 கிலோ ஆள் தாவி ஒரு பிடியைப் பிடிக்கும் நொடியில் அந்த இழுப்பு அவர் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு ஆகலாம். நாலரை இஞ்ச் தடுப்புச் சுவரோ, ஹாலோ பிளாக்கோ இதற்குச் சரிப்படாது. ஓட்டு வீடாக இருந்தால் கைமரத்தில் கட்டித் தொங்கவிடும் யோசனையை இப்போதே மறந்துடுங்க. வாடகை வீடு என்றால் சொல்லவே வேண்டாம்!

அதனால், தனியாக நிற்கும் இரும்புச் சட்டம் போடுங்க. பக்கவாட்டில் பார்த்தால் அது ஒரு முக்கோணம். தரையில் படுக்கும் பைப் ஒரு பக்கம், சாய்ந்த பலகை இன்னொரு பக்கம், பலகையின் உச்சியிலிருந்து நேராகக் கீழே இறங்கும் தூண் மூன்றாவது பக்கம். தரை பைப் தூணோடு நின்றுவிடக் கூடாது. இன்னும் 2 அடி முன்னால் நீள வேண்டும். ஏறுகிறவர் முன்பக்கம் ஊசலாடும்போது மொத்தமும் கவிழாமல் காப்பது அந்த 2 அடிதான். இரண்டு தூண்களும் பலகையின் விளிம்பிலிருந்து பக்கத்துக்கு 1 அடி தள்ளி இருக்கட்டும். அவற்றின் மேல் ஃபோம் சுற்றிவிடுங்க. கால் வழுக்கிச் சுழலும்போது முழங்கால் போய் மோதுவது அங்கேதான்.

50-க்கு 50 மில்லிமீட்டர் சதுர பைப், 3 மில்லிமீட்டர் கனம் போதுமானது. குறுக்குச் சட்டங்களோடு சேர்த்துச் சுமார் 90 அடி பிடிக்கும், எடை 120 கிலோவை ஒட்டி வரும். இரும்பைக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள் என்பதால், பட்டறையில் விலை பேசும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும். கேட் கிரில் செய்கிற எந்தப் பட்டறையிலும் இதைச் செய்து தருவார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்க: "அண்ணே, இது அலங்காரத்துக்கு இல்ல, ஆள் தொங்குறதுக்கு." மூலைகளில் புள்ளி வைத்து விட்டுவிடாமல், முழுச் சுற்றும் வெல்டு வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஏறுவதற்கு முன், இரண்டு பேர் சேர்ந்து உச்சிச் சட்டத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்க. ஆட்டம் கண்டால் மறுபடியும் பட்டறைக்குத்தான்.

பலகையில் 72 ஓட்டை

ப்ளைவுட் 18 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது. கடையில் சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். 8-க்கு 4 ஷீட் என்றால் 32 சதுர அடி. மழைச்சாரல் அடிக்கும் திண்ணையிலோ கார் ஷெட்டிலோ வைப்பதாக இருந்தால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் ப்ளை கேளுங்க. அறைக்குள்ளே என்றால் ஐ.எஸ். 303-ல் தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகம் போதும். பலகையின் அடி தரையைத் தொடவே கூடாது. நம்ம ஊர் கரையானுக்கு மெரைன் ப்ளை, சாதா ப்ளை என்ற பேதம் தெரியாது.

20 சென்டிமீட்டருக்கு ஒன்று வீதம் புள்ளி வைத்தால், குறுக்கே 6, மேலே 12, மொத்தம் 72 ஓட்டைகள். நல்ல நாலு வரிசைக் கோலம் போடத் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் புள்ளி தப்பாது! பின்னால் இரும்புச் சட்டம் வரும் இடத்தில் ஓட்டை விழாதபடி முதலிலேயே அளந்துகொள்ளுங்க. எம்10 டி-நட்டுக்கு 12 மில்லிமீட்டர் பிட் சரியாக இருக்கும். வாங்கிய நட்டை ஒரு துண்டுப் பலகையில் சோதித்துவிட்டு மொத்தத்தையும் துளையிடுங்க. டி-நட்டைப் பின்பக்கமிருந்து அடித்து இறக்க வேண்டும். முன்பக்கமிருந்து அடித்தால் முதல் இழுப்பிலேயே கையோடு வந்துவிடும்.

பிடிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. வாங்கும்போது எம்10 போல்ட்டுக்கானதா என்று பாருங்க, அமெரிக்க அளவு வேறு. பட்ஜெட் இடித்தால் ஆசாரியிடம் தேக்கு, வேம்பு கழிவுத் துண்டுகளை வாங்கி நீங்களே செய்யலாம். விளிம்பை நன்றாக உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்குங்க. கூர்மையான விளிம்பு தோலைக் கிழித்துவிடும். ரேகை ஓடும் திசையில் துண்டு பிளக்கும் என்பதால், சின்ன வெடிப்பு தெரிந்தாலும் அதை அடுப்புக்கு அனுப்பிவிடுங்க. ஒவ்வொரு பிடிக்கும் போல்ட்டோடு ஒரு மர ஸ்குருவும் போட்டால் கையில் சுழலாது.

சேலத்து வெள்ளைக்கல்லும் கைப்பொடியும்

ஏப்ரல், மே மாதத்தில் நம்ம ஊரில் கை வியர்க்காமல் எதையும் பிடிக்க முடியாது. க்ளைம்பர்கள் கையில் பூசும் வெள்ளைப் பொடி மெக்னீசியம் கார்பனேட். 1950-களில் ஜான் கில் என்ற அமெரிக்கர், ஜிம்னாஸ்டிக்ஸில் பயன்பட்டதைப் பாறைக்குக் கொண்டுவந்தார். இதே மெக்னீசியம் கார்பனேட்தான் பூமிக்குள் மேக்னசைட்டாக, அதாவது நம்ம சேலத்து வெள்ளைக்கல்லாகக் கிடைக்கிறது. ஏற்காடு அடிவாரத்துக்கு முன்னால் வெள்ளையாகத் தெரியும் அந்த மேடுகளைப் பார்த்திருப்பீங்க, ஆங்கிலேயர்கள் 'சாக் ஹில்ஸ்' என்று பெயர் வைத்த இடம். அதற்காகக் கல்லை உடைத்துப் பொடியாக்கிப் பூசிக்கொள்ளாதீங்க! கைக்கு வேண்டியது சுத்திகரித்த மென்பொடி. கோலமாவு, முகப்பவுடர் இரண்டும் ஆகாது, முகப்பவுடர் வழுக்கவே செய்யும். மூடிய அறையில் ஏறுகிறவர்களும் வீசிங் உள்ளவர்களும் லிக்விட் சாக் வாங்குவது நல்லது, தூசி பறக்காது. விடியற்காலையோ, பொழுது சாய்ந்த பிறகோ ஏறினால் பாதிப் பொடி மிச்சம்.

விழுறதுக்கும் பழகணும்

8 அடி உயரம்தானே என்று மெத்தை இல்லாமல் ஏறினால் கணுக்கால் போகும். பலகைக்கு நேர் கீழே மட்டும் போட்டாலும் பத்தாது. உச்சி நீண்டிருக்கும் இடத்தைத் தாண்டி இன்னும் 3 அடிக்கு மெத்தை வேண்டும். குறைந்தது 6 இஞ்ச் கனம், 8 இருந்தால் நிம்மதி. கெட்டியான ஃபோம் மேலே, மெதுவானது கீழே. பழைய மெத்தைகளைச் சேர்த்துப் போடுகிறீர்கள் என்றால், இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்துதான் ஆபத்து. கால் அங்கே இறங்கினால் திருகிவிடும். அத்தனையையும் ஒரே தார்ப்பாயில் இறுக்கிக் கட்டிவிடுங்க. ஆட்டுக்கல், பைக், சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகளும்தான்.

விழும்போது இரண்டு காலும் சேர்ந்து தரையைத் தொட, முழங்கால் மடங்கி, அப்படியே பின்பக்கம் உருள வேண்டும். கையைப் பின்னால் ஊன்றுவது எல்லோருக்கும் வரும் அனிச்சைச் செயல். மணிக்கட்டு உடைவதும் அதனால்தான். கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பாதி உயரத்திலிருந்து பத்து தடவை வேண்டுமென்றே விழுந்து பழகுங்க. ஏறும் முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்க. பிடியில் மோதிரம் சிக்கி உடல் கீழே போனால், விரலின் சதையே உரிந்து வந்துவிடும். பயமுறுத்தலுக்குச் சொல்லவில்லை, இந்தக் காயத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு.

விரல் விஷயத்தில் அவசரம் வேண்டாம்

வீட்டில் சுவர் இருப்பதன் பெரிய ஆபத்து விழுவது இல்லை. நினைத்த நேரமெல்லாம் ஏறலாம் என்பதுதான்! தசை சில வாரங்களில் பலமாகிவிடும். விரலின் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது பலமாக மாதக்கணக்கில் ஆகும். இரண்டாவது மாதத்தில் 'எனக்கு பவர் வந்துடுச்சு' என்று தோன்றும்போது, விரல் இன்னும் தயாராகியிருக்காது. தூண்டில் கழியில் நரம்பைப் பிடித்துக்கொள்ளும் வளையங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அதே மாதிரி தசைநாரை எலும்போடு ஒட்டிவைக்கும் வளையங்கள் விரலுக்குள் உண்டு. மெல்லிய விளிம்பில் விரலை மடக்கி, கட்டைவிரலை மேலே போட்டு அழுத்தும்போது அவற்றின் மேல்தான் மொத்த பாரமும் விழும். 'டப்' என்று சத்தம் கேட்டு விரலடியில் வலித்தால், ஒரு வளையம் கிழிந்திருக்கலாம். அன்றைக்கு ஏறுவதை அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்க.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். எலும்பு வளர்கிற குருத்துப் பகுதி அவர்களுக்கு இன்னும் இறுகியிருக்காது. வளையம் கிழிவதற்கு முன் இந்தக் குருத்துதான் விரியும். நடுவிரலின் நடு மூட்டில் சில நாளாகவே வலி, வீக்கம் இருந்தால், தைலம் தேய்த்துவிட்டு மறுபடி ஏறக் கூடாது. எலும்பு டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பதுதான் சரி. கவனிக்காமல் விட்டால் விரல் வளைந்தே நின்றுவிடலாம்.

ஜெர்மனியின் வூல்ஃப்காங் குல்லிஷ் 1988-ல் நியூரம்பெர்க்கின் கேம்பஸ் என்ற ஜிம்மில் ஒரு பலகையை மாட்டி, கால் வைக்காமல் கையாலேயே தாவித் தாவி ஏறினார். 1991-ல் அவர் ஏறிய 'ஆக்‌ஷன் டைரக்ட்' பாதை இன்றும் பேசப்படுகிறது. ரீல்ஸில் நீங்கள் பார்க்கும் 'கேம்பஸ் போர்டு' அங்கே பிறந்ததுதான். பல வருஷம் ஏறி இறுகிய விரல்களுக்கான பயிற்சி அது. வளரும் பசங்களுக்கு வேண்டவே வேண்டாம் என்று பயிற்சியாளர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் முழுக் கையும் நுழையும் பெரிய பிடிகள் மட்டும். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒருநாள் கட்டாய ஓய்வு, ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம். அதில் முதல் 10 நிமிஷம் உடம்பைச் சூடேற்ற. ஒரே பாதை சலித்துவிட்டால், கலர் டேப் ஒட்டிப் புதுப் பாதை போடுங்க. 72 ஓட்டையில் பாதைகளுக்குப் பஞ்சமே வராது. நண்பர்கள் போட்ட பாதைக்கு அவர்களே பெயர் வைப்பது க்ளைம்பிங் உலகத்தின் மரபு. அந்த மரபை நம்ம பசங்க எந்த லெவலுக்குக் கொண்டுபோவாங்க என்பது உங்களுக்கே தெரியும்!

வெயிலிலும் மழையிலும் மரம் விரிந்து சுருங்குவதால் போல்ட்கள் தானாகவே தளரும். ஆலன் கீயைச் சட்டத்திலேயே ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்க. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிடியையும் இறுக்கிவிட்டு, வெல்டு போட்ட மூலைகளில் துருவோ கீறலோ தெரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்க.