சூஃபிகள் கண்ட அறப்போர்

அகிம்சை என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவோர் புத்தர், மகாவீரர், காந்தியடிகள் ஆகியோரே. இஸ்லாத்தின் பெயரோ, அண்மைக்கால நிகழ்ச்சிகளின் நிழலில், வாளோடும் வெடிகுண்டோடும் சேர்த்தே பேசப்படுகின்றது. இவ்வெண்ணம் வரலாற்று அறியாமையின் விளைவென்பது நம் கருத்து. மறைநூலுக்கு உட்பொருள் கண்ட சூஃபிகளிடம், பகைவனைக் கொல்லாது பகைமையை வெல்லும் வழியொன்று ஆயிரம் ஆண்டுகளாக வழங்கி வந்திருக்கின்றது. அவ்வழியின் தடம் நமது மலையகத்திலும் உண்டு. தமிழ் மொழியிலும் உண்டு. அத்தடத்தைக் காண்பதோடு, உழைக்கும் மக்களுக்கு அவ்வழி எவ்வளவு துணை செய்தது, எங்கே கைவிட்டது என்று மதிப்பிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

டயகம, அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலிருந்து மேற்கே சென்று, ஹற்றனையும் மஸ்கெலியாவையும் கடந்தால், சிவனொளிபாத மலை எதிரே நிற்கும். பௌத்தர் அதனை ஸ்ரீபாத என்பர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்பர். தேயிலைச் செடி இந்நாட்டில் பயிராவதற்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னர், 1344இல், மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இம்மலையில் ஏறினார். புத்தளத்தில் அவரை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தி, நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் வழித்துணையாக அனுப்பிவைத்தான் என்று அவரது பயணநூல் கூறுகின்றது. அந்நூலில் அவர் ஒரு கதையையும் பதிந்துள்ளார்.

ஷீராஸ் நகரத்துச் சூஃபி இப்னு கஃபீஃப், ஏறத்தாழ முப்பது பக்கீர்களுடன் இம்மலைக்கு வந்தாராம். வழி தவறிற்று, உணவில்லை, பசி மிகுந்தது. யானைக்குட்டி ஒன்றைக் கொன்று தின்ன உடன்வந்தோர் அனுமதி கேட்டனர். ஷெய்கு தடுத்தார். அவர்களோ சொற் கேளாது கொன்று தின்றனர், அவர் உண்ணவில்லை. இரவில் யானைகள் திரண்டு வந்து ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துக் கொன்றன. ஷெய்கையும் முகர்ந்தன, அவருக்குத் தீங்கு செய்யவில்லை. ஒரு யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகிலேற்றி, மக்கள் வாழும் ஊரருகே கொண்டுபோய் விட்டது. அன்றுதொட்டு இத்தீவின் முஸ்லிமல்லாத மக்களும் சூஃபிகளைப் போற்றி வந்தனர் என்று இப்னு பதூதா முடிக்கின்றார்.

இது கதையேயன்றி வரலாறன்று. இப்னு கஃபீஃப் 982இல் மறைந்தவர். கதையோ அவர் மறைந்து நான்கு நூற்றாண்டுகள் ஆகுந் தறுவாயில் எழுத்தில் ஏறியது. ஆயினும் மக்கள் எதனைக் கதையாக்கிப் போற்றினர் என்பது வரலாறுதான். இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்கு அறம் உரைப்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. இக்கதையில் ஷெய்கும் மற்றவரைப் போலவே பட்டினி கிடந்தார். தாம் தாங்காத துன்பத்தைத் தாங்குமாறு அவர் பிறரைக் கேட்கவில்லை. இந்த அளவுகோலை நாம் கையில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

சூஃபிகளின் மறைநூல் விளக்கமுறை யாது? நம் இலக்கணம் அகம், புறம் என்று வாழ்க்கையைப் பகுத்தது போல, அவர்கள் இறைவசனத்துக்கு ஸாஹிர் என்னும் புறப்பொருளையும் பாத்தின் என்னும் உட்பொருளையும் கண்டனர். 896இல் மறைந்த ஸஹ்ல் துஸ்தரி, ஒவ்வொரு வசனத்துக்கும் நால்வகைப் பொருளுண்டு என்றார். புனிதப் போர் பற்றிய வசனங்களை இம்முறையில் நோக்கிய சூஃபிகள், போர்க்களத்துப் போர் சிறியது, தன் மனத்தின் கீழ்மையோடு நிகழ்த்தும் போரே பெரியது என்று கொண்டனர். இக்கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நபிமொழியின் அறிவிப்புத் தொடர் வலுவற்றதென ஹதீஸ் அறிஞர் பலர் கூறுவர். எனினும் அது சூஃபி மரபின் உயிர்நாடியாய் நின்றது. முதற் கொலையைப் பற்றிய குர்ஆன் வரலாறும் அவர்களுக்குத் துணை நின்றது. ஆதமின் மக்கள் இருவருள் ஒருவன் மற்றவனைக் கொல்ல எழுந்தபோது, நீ கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்டேன் என்னும் கருத்துப்பட அவன் மறுமொழி கூறியதாக ஐந்தாம் அத்தியாயம் உரைக்கின்றது.

உட்பொருள் காணும் முறையில் ஓர் இடருண்டு. மூஸா நபியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். எகிப்தில் அடிமைப்பட்டு உழைத்த மக்களை விடுவிக்குமாறு, கொடுங்கோலன் பிர்அவ்னிடம் மூஸா அனுப்பப்படுகிறார். பிர்அவ்ன் என்பது ஒவ்வொருவருள்ளும் இருக்கும் நப்ஸ், அதாவது ‘நான்’ என்னும் செருக்கு என்று சூஃபிகள் பொருள் கூறினர். அழகிய விளக்கம், ஆழ்ந்த விளக்கமுங்கூட. ஆனால் பிர்அவ்ன் முழுவதும் உள்ளே போய்விட்டால், வெளியே சவுக்கோடு நிற்பவன் யார்? அவன் தப்பித்துக்கொள்கிறான் அல்லவா? அடிமைகளை நோக்கி, உங்கள் உள்ளத்துப் பிர்அவ்னை முதலில் வெல்லுங்கள் என்று அவனே உபதேசம் செய்யவுங் கூடும்.

இவ்விடரை 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி நன்கு உணர்ந்திருந்தார். மூஸா தம் காலணிகளைக் கழற்றுமாறு பணிக்கப்பட்ட வசனத்துக்கு, இம்மை மறுமை என்னும் இரு பற்றுக்களையும் களைதல் என உட்பொருள் கண்டவர் அவர். ஆயினும் காலணியைக் கழற்றியது உண்மையன்று என்று அவர் சொல்லவில்லை. புறப்பொருளைத் தள்ளி உட்பொருளை மட்டும் கொள்வோரையும், உட்பொருளைத் தள்ளிப் புறப்பொருளோடு நிற்போரையும் ஒருங்கே மறுத்து, இரண்டையும் இணைப்பவனே நிறைவுடையவன் என்று ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் நிறுவினார். இந்நிலையில் நின்று நோக்கினால், உள்ளே இருக்கும் பிர்அவ்னும் உண்மை. வெளியே அரியணையில் இருப்பவனும் உண்மை. குர்ஆனின் இருபதாம் அத்தியாயத்தில் மூஸாவுக்கும் ஹாரூனுக்கும் இடப்பட்ட கட்டளை இரண்டையும் ஒருசேரக் காட்டுகின்றது. அவனிடம் மென்மையாகப் பேசுங்கள் என்பது ஒரு பாதி. மக்களை எம்மோடு அனுப்பிவிடு, அவர்களை வதைக்காதே என்று நேருக்கு நேர் கேளுங்கள் என்பது மறுபாதி. சொல்லில் மென்மையும் கோரிக்கையில் உறுதியும் சேர்ந்த இதனையே நாம் அறப்போர் என்கிறோம்.

தமிழகத்துச் சூஃபிகள் இந்நெறியை மக்கள் மொழியில் வளர்த்தனர். தக்கலையில் அடங்கியுள்ள பீர் முகம்மது அப்பா நெசவுத் தொழிலால் வாழ்ந்தவர் என்பது மரபு. அவரது ‘ஞானப்புகழ்ச்சி’ இன்றும் ஆண்டுதோறும் அங்கு ஓதப்படுகின்றது. தொண்டிப் பக்கத்துக் குணங்குடியிற் பிறந்து சென்னையில் மறைந்த மஸ்தான் சாகிபுவுக்கு இந்துக்களும் சீடராயினர். சரவணப்பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். சாதியும் சமயமும் கடந்த இவ்வுறவு, தறியிலும் கடற்றுறையிலும் வாழ்ந்த எளிய மக்களிடையே வேர்விட்டதொன்று.

நம் தீவில் இம்மரபின் வலுவான குரல் பாவா முஹையதீனுடையது. 1940களில் யாழ்ப்பாணத்தில் அறியப்பட்ட இவரைச் சூழ்ந்தோர் பெரும்பாலும் இந்துக்கள். எழுதப் படிக்கக் கல்லாதவர் என்று சீடர் கூறுவர்; பேசியதெல்லாம் தமிழில். 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்குச் சென்று, 1986இல் அங்கேயே மறைந்தார். பலியிடும் கடமைக்கு அவர் கண்ட உட்பொருள் குறிப்பிடத்தக்கது. அறுக்கப்பட வேண்டியது நெஞ்சினுள் வாழும் விலங்குக் குணங்களே என்றும், பலிக்கு நபிகள் நாயகம் கடுமையான விதிகளை வகுத்தது கொலையைக் குறைப்பதற்கே என்றும் விளக்கினார். மனிதரைக் கொன்று நாட்டைப் பிடிப்பது புனிதப் போராகாது என்பதும் அவர் திரும்பத் திரும்பக் கூறியது. மலையில் யானைக்குட்டியை உண்ண மறுத்த ஷெய்கின் கதைக்கும் இவ்விளக்கத்துக்கும் இடையே ஓர் உறவைக் காண்பது கடினமன்று.

இதுவரை சிறப்பைக் கூறினோம். இனிக் குறையையும் கூறுதல் வேண்டும். மேற்கு ஆபிரிக்காவின் செனகல் நாட்டில் அஹ்மது பம்பா (1853–1927) என்னும் சூஃபி, பிரெஞ்சு ஆட்சிக்கு அடிபணிய மறுத்தார். ஆயுதம் ஏந்தவும் மறுத்தார். தம் போர் அறிவாலும் இறையச்சத்தாலும் ஆனதென்றார். அஞ்சிய ஆட்சியாளர் அவரை 1895இல் காபோனுக்கும், பின்னர் 1903இல் மொரித்தேனியாவுக்கும் நாடுகடத்தினர். கொல்லாமலே ஒரு பேரரசைக் கலங்கச் செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் பின்னாளில் நிகழ்ந்தது யாது? அவர்வழிச் சீடர்கள் குருமாரின் நிலங்களில் கூலியின்றி நிலக்கடலை பயிரிட்டனர். அக்கடலை பிரெஞ்சு வணிகரின் கப்பல்களில் ஏறிற்று. உழைப்பே வழிபாடு என்ற உயர்ந்த போதனை, உழைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்வியை மூடும் திரையுமாயிற்று. தேயிலையின் வரலாறறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

புறப்போர் உட்போரோடு இணைந்தபோது விளைவு வேறாயிற்று. கான் அப்துல் கஃபார் கான் சூஃபி ஷெய்கு அல்லர். ஆனால் பொறுமையே நபிகளின் ஆயுதம் என்று குர்ஆனைக் கொண்டே பட்டாணியருக்குப் போதித்து, 1929இல் குதாயி கித்மத்கார் இயக்கத்தைத் தொடங்கினார். 1930 ஏப்ரல் 23ஆம் நாள் பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆயுதமற்ற மக்கள்மீது பிரித்தானியப் படை சுட்டது. மக்கள் திருப்பித் தாக்கவில்லை. அங்கே சந்திர சிங் கட்வாலியின் தலைமையில் இந்துச் சிப்பாய்கள் சிலர், முஸ்லிம் மக்கள்மீது சுட மறுத்துச் சிறை சென்றனர்.

புறப்பொருள் மட்டும் தனித்து நின்றால் என்னாகும் என்பதை நம் நாடே கண்டது. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சஹ்ரான் ஹாஷிமின் குழுவினர் வாளோடு மோதியது அவ்வூர்ச் சூஃபி வழியினருடனே. ஈராண்டின்பின், 2019 ஏப்ரல் 21இல், அக்குழுவின் குண்டுகளுக்கு 260க்கும் மேற்பட்டோர் பலியாயினர். அதனை அடுத்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 2018இல் திகனையிலும் அவ்வாறே தாக்கப்பட்டிருந்தன. உட்பொருளைச் சகியாதவர்களின் முதற் பகைவர் சூஃபிகளாயிருந்ததை, அன்று பழிவாங்கப் புறப்பட்டோர் நினைத்துப் பார்க்கவில்லை.

இறுதியாக டயகமவுக்கு வருவோம். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் மலையகத் தமிழரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1947இல் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1952இல் வாக்குச் சாவடியை வெளியே நின்று பார்த்தனர். அவ்வாண்டு ஏப்ரல் இறுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிரதமர் அலுவலகத்தின்முன் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. மாதக்கணக்கில் அது நீண்டது. அதன் தலைவர்களுள் தொண்டமானோடு முதன்மையாய் நின்றவர் அப்துல் அஸீஸ். பின்னர் 1956இல், அஸீஸ் தலைமையேற்ற ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸின் போராட்டத்தில், டயகமவில் பொலிசார் சுட்டனர். மாண்டவர் ஏப்ரகாம் சிங்கோ என்னும் சிங்களத் தொழிலாளி. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறிய அதே ஆண்டில், ஒரு முஸ்லிமின் தலைமையில் இயங்கிய சங்கத்திற்காக, தமிழ்த் தொழிலாளரோடு தோள்சேர்ந்து நின்று ஒரு சிங்களர் உயிர் துறந்தார்.

அஸீஸ் சூஃபி அல்லர். இடதுசாரிச் சார்புடைய தொழிற்சங்கவாதி. டயகமவில் எவரும் துஸ்தரியையோ கஸ்ஸாலியையோ ஓதிப் போராடவில்லை. கூலி உழைப்பும் உரிமை மறுப்புமே அவர்களைப் போராட்டத்துக்கு அழைத்தன. எனினும் மூஸாவிடம் சொல்லப்பட்ட இரு பாதிகளும் அங்கே கூடியிருந்தன என்பதை யாரும் மறுத்தற்கில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டனர், கொல்லாமல் கேட்டனர், இனப்பகை என்னும் உள்ளத்துப் பிர்அவ்னையும் தம் வரிசையில் நுழைய விடவில்லை. அவர்கள் கேட்டது உடனே கிட்டவில்லை. 1964இல் இரு பிரதமர்கள் செய்த உடன்படிக்கை மக்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. நாடற்றோர் நிலை சட்டப்படி முடிவுற 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அகிம்சை விரைவில் வெல்லும் என்று நாம் மாணவருக்குப் பொய் கூறலாகாது.

ஆனால் ஒன்றைக் கூறலாம், கூற வேண்டும். மறைநூலை உட்பொருளால் படிப்பவன் அடக்குமுறைக்கு இசைந்து போகக் கடமைப்பட்டவன் அல்லன். அடக்குமுறையை எதிர்ப்பவன் தன் உள்ளத்து வெறுப்புக்கு இடங்கொடுக்கக் கடமைப்பட்டவனும் அல்லன். மலையகத்துப் பள்ளிகளில் சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள், பாவா ஆதம் மலையின் கதையையும் ஏப்ரகாம் சிங்கோவின் மரணத்தையும் ஒரே பாடத்தில் சொல்வார்களாயின், அகிம்சை எந்தச் சமயத்தின் தனியுடைமையும் அன்று என்பதை இளைஞர் தாமே உணர்வர். பாடநூல் அதனை எழுதும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.