வண்ணத்தின் அடியில் மறையும் சான்று: கற்பனைச் சிற்றுருக்களின் வரலாறு குறித்து

கற்பனைப் போர்விளையாட்டுகளுக்கான சிற்றுருக்களின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆலைகள் முதலில் உருவங்களை வார்த்தன; ஆர்வலர்கள் பின்னர் அவற்றை வெட்டியும் ஒட்டியும் மாற்றினர் என்பது அதன் உள்ளுறை. உண்மையில் உருமாற்றமே முந்தியது.

1971இல் கேரி கைகாக்சும் ஜெஃப் பெரனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'செயின்மெயில்' இடைக்காலப் போர்களுக்கான விதிநூல். அதன் கற்பனைப் பின்னிணைப்பில் டிராகன்களும் மந்திரவாதிகளும் இடம்பெற்றனர். அவற்றுக்கென வார்க்கப்பட்ட உருவங்கள் அப்போது சந்தையில் அரிது. கைகாக்சே பிளாஸ்டிக் டைனோசர் பொம்மையை மாற்றி டிராகன் செய்தார். பொருள் இல்லாத இடத்தில் பிறந்த கலை இது.

1970களின் இறுதியில் பிரிட்டனில் சிட்டடெல் மினியேச்சர்ஸ் தோன்றியது. அடுத்த பத்தாண்டில் உருவங்களுக்குப் பஞ்சமில்லை. 1987இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் 'கோல்டன் டீமன்' என்னும் வண்ணந்தீட்டும் போட்டியைத் தொடங்கியது. நிறுவனத்தின் சொந்த உருவங்களுக்கான போட்டி அது. ஆயினும் அவற்றை உருமாற்றுவதற்கு அங்கே இடமிருந்தது. முன்பு தேவையாக இருந்த செயல் இப்போது தகுதியாயிற்று. எல்லோருக்கும் கிடைக்கும் ஒரே வார்ப்பிலிருந்து தன் உருவத்தை வேறுபடுத்திக் காட்ட, போட்டியாளர் அதன் உடலையே மாற்ற வேண்டியிருந்தது.

செய்முறை எளிதாகச் சொல்லத்தக்கது, செய்தற்கு அரியது. கையை மணிக்கட்டில் அறுத்து, இருபுறமும் துளையிட்டு, மெல்லிய கம்பி செருகி, வேறோர் உருவத்தின் கையைப் பொருத்துவர். இடைவெளியை எபாக்ஸி மாவால் நிரப்புவர். நீலமும் மஞ்சளுமான இரு பகுதிகளைப் பிசைந்தால் அது பச்சையாகும். இறுகுவதற்குள் அதில் தசையும் துணிமடிப்பும் செதுக்க வேண்டும். இந்நிலையில் உருவம் ஓர் ஆவணம்: சாம்பல் நிற உலோகம் வார்ப்பாலையின் பங்கு, பச்சை மாற்றியவரின் பங்கு. பிரைமர் பூசிய கணத்தில் இவ்வேறுபாடு அழிகிறது.

மொழியியல் மாணவருக்கு இங்கே புணர்ச்சி நினைவுக்கு வரும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது தோன்றலும் திரிதலும் கெடுதலும் நிகழ்கின்றன; ஆனால் அவை விதிக்கு உட்பட்டவை என்பதால் சொல்லை மீண்டும் பிரித்தறிய முடிகிறது. சிற்றுருவின் இணைப்புக்கு அத்தகைய விதி இல்லை. பார்ப்பவரால் பிரித்தறிய முடியாமல் செய்வதே அங்கே திறமை.

ஆகவே நடுவர் போற்றுவதும் வரலாற்றாய்வாளர் தேடுவதும் எதிரெதிரானவை. இணைப்பு எவ்வளவு செம்மையாக மறைகிறதோ, அவ்வளவுக்கு மூலச் சிற்பி யார், மாற்றியவர் செய்தது எவ்வளவு என்ற கேள்விகள் விடையற்றுப் போகின்றன. அச்சேறுபவை பெரும்பாலும் முடிவுற்ற உருவத்தின் படங்களே. அவற்றை மட்டும் சான்றாகக் கொள்பவர், வண்ணந்தீட்டுதலின் வரலாற்றை எழுதிவிட்டு அதையே உருவாக்கத்தின் வரலாறு என்று கருத நேரிடும்.

போட்டியாளர்கள் பலர் பிரைமர் பூசுமுன் தம் உருவத்தைப் படமெடுத்து வைப்பதுண்டு. தற்பெருமைக்காக எடுக்கப்பட்டிருப்பினும், இத்துறையின் முதன்மைச் சான்றுகள் அவையே. பொருள்சார் பண்பாட்டை ஆய்பவர்கள் பரிசுக் கோப்பைகளைப் பட்டியலிடுமுன் அந்தப் பச்சைநிறப் படங்களைத் திரட்டிக் காக்க வேண்டும். வேறு கைவினைகளிலும் இவ்வாறு இறுதிப்பூச்சில் மறைந்த உழைப்பு உண்டா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.